பக்கம் திருப்புறவ

டீச்சரு தலை ஆடுனா பக்கத்தத் திருப்பு, ஆடலன்னா சும்மா குந்து. அவ்ளோதான் வேல. இதுக்கு இன்னாத்துக்கு இத்தினி பேரு என்னிய மொறச்சிப் பாக்குறாங்க, நான் இன்னா பேங்கு கொள்ளை அடிக்கவா வந்துகீறேன். பொடவ டீச்சருது, ஜாக்கெட்டு என்னுது, இஸ்திரி நானே போட்டது, மடிப்பு கத்தி மாரி நிக்கிது, அந்த ஒரு விசயத்துல இந்த எழும்பூர் ஹால்ல என்னிய அடிச்சிக்க ஆளு கெடையாது. ரெண்டாவது வரிசையில ஒரு பெரியவரு போட்டுகீற கதர் சட்டயப் பாத்தா கை துறுதுறுன்னு கீது, அவுத்துக் குடு சார், ரெண்டு இழுப்பு இழுத்துத் தரேன்னு கேட்டுறலாமா. கேக்கக் கூடாது. வாயத் தொறக்கக் கூடாது, தும்மக் கூடாது, வளையல் போடக் கூடாது, திருப்பும்போது சலங்க மாரி கேக்குமாம். கழட்டி இடுப்புல சொருவிகீறேன், அது ஒண்ணு குத்திகினே கீது. டீச்சருக்கு இடது பக்கம் ஒரு நாற்காலி, அதுல நான், தேசம்மா, மூணாங்கிளாசு, அதுவும் பெயிலு. பியானோ மேல புக்கு. புக்குல எழுத்து இல்ல, கம்பி கம்பியா கோடு இழுத்து அது மேல எறும்பு வுட்ட மாரி பொட்டு பொட்டா கீது, அதான் இவங்களுக்கு பாட்டு. எனக்கு அந்த எறும்பப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியாதுன்னு ஹெப்சிபா டீச்சருக்கும் தெரியும். நான் தேய்க்கிற வண்டி அவங்க வூட்டுக்குக் கீழதான் நிக்கிது, வேப்பேரியில, மேல அவங்க பியானோ தட்டுவாங்க, கீழ நான் சட்ட தேய்ப்பேன், இத்தினி வருசமா அப்டித்தான் ஓடுது. ஏன் டீச்சர், உங்ககிட்ட கத்துகினு போன பொண்ணுங்கள்ல ஒருத்தியக் கூப்புட்டா ஓடி வருவாளே, என்னிய ஏன் இஸ்துகினு போறீங்கன்னு கேட்டேன். அவளுங்க புக்கப் பாப்பாளுங்க, நீ என்னியப் பாப்பேன்னாங்க. அந்தப் பெருமையில அன்னிக்கு ஒரு லாயர் சாரு சட்டயத் தீச்சிட்டேன்.

தோ, ஆடுச்சு. எழுந்தேன், எட்டுனேன், மேல் மூலையப் புடிச்சேன், திருப்புனேன், குந்துனேன். பூ மாரி. பாத்துக்கோ சாரு, நல்லாப் பாத்துக்கோ. முன் வரிசையில எனக்கு நேரா கால்மேல கால் போட்டுகினு குந்திகீறாரே, வெள்ள சட்ட, மூக்குக் கண்ணாடி, அவருதான் ஜெயசீலன் சாரு, டீச்சரோட ஒரே புள்ள, மெல்போர்ன்ல இன்னாமோ பெரிய வேல. அம்மாவ கையோட இட்டுகினு போவ வந்துகீறாரு. உனக்கு கண்ணு போச்சும்மா, தனியா மாடியில கெடந்து என்னிக்காவது உருண்டு வுழுவப் போற, பியானோவ வித்துட்டு கெளம்புன்றாரு. லேசா ஒரு மங்கலுடா, சொட்டு மருந்து வுட்டாப் போய்டும், நீ உன் பொழப்பப் பாருன்றாங்க இவங்க. ஒரு வாரமா மேல ரெண்டு பேருக்கும் சண்ட, கீழ நான் தேய்ச்சிகினே ஒண்ணு வுடாம கேட்டுகினு கீறேன், கஸ்டமருக்கு ஸ்கோர் வேற சொல்றேன். கடைசில ஒரு பேச்சுக்கு வந்தாங்க. இன்னிக்கு டீச்சரு எல்லாரும் மாரி புக்க வச்சி, புக்கப் பாத்து, நடுவுல ஒரு எடத்துலயும் நிக்காம வாசிச்சி முடிச்சிட்டா சாரு வாய மூடிகினு தனியா பிளேன் ஏறணும். நின்னுட்டா, பியானோ லாரியில, டீச்சரு பிளேன்ல. எனக்கு இதுல இன்னா பயம். ஒண்ணியும் கெடையாது. காலர்ல ஒரு மயிரிழை சுருக்கம் இருந்தாலும் கையோட எடுத்துகினு எறங்கி வந்து நடுத் தெருவுல என் மானத்த வாங்குறவங்க அவங்க. அவங்களுக்கா கண்ணு போவும். மெல்போர்ன்காரருக்குத்தான் கண்ணாடி போட்டும் ஒண்ணும் தெரியல.

இது பாட்டுன்னு நெனச்சாத்தான் தல சுத்தும். அந்தத் தாடிக்காரரு பிரகதீஷு, ஆள் ஒசரத்துக்கு ஒரு வயலின காலுக்கு நடுவுல நிக்க வச்சி அறுக்குறாரு. அந்தப் பக்கம் ஷெரினுப் பொண்ணு சின்ன வயலின கழுத்துல இடுக்கினு அறுக்குறா. நடுவுல டீச்சரு. மூணு பேரும் மூணு ரூட்டு பஸ்ஸு மாரி போறாங்க, திடீர்னு ஒரே ஸ்டாப்புல வந்து நிக்கிறாங்க, நான் எறங்கறதுக்குள்ள மறுபடியும் கெளம்பிர்றாங்க. நூறு வருசத்துக்கு முன்னாடி வெள்ளக்காரங்க ஊருல கொஞ்சம் பேரு சேந்து, இத்தினி நாளு காதுக்கு எதமா எழுதினது போதும்னு எழுதினதாம் இதெல்லாம். அப்ப கேட்டவங்களே திட்டிகினு எழுந்து போனாங்களாம், டீச்சரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. பாத்திரம் கழுவுற மாரி கீதே டீச்சர்ன்னு மொத நாளு கேட்டேன். கழுவுறதையும் காது குடுத்துக் கேட்டாத்தான்டி யாரு கோவத்துல கழுவுறா, யாரு அழுதுகினே கழுவுறான்னு தெரியும்னாங்க. அதுலேந்து கேக்குறேன். ஷெரினு கோவத்துல கழுவுறா. தாடிக்காரரு அழுதுகினு கழுவுறாரு, பாவம், யாரு இன்னா பண்ணாங்களோ. டீச்சரு மட்டும் ஒரு ஓரமா நின்னு கழுவுன பாத்திரத்த ஒவ்வொண்ணா கவுத்து வக்கிறாங்க, டங்கு, டங்கு, எடம் பாத்து. ஆடுச்சா? ஆடல. மூச்சு வுட்டாங்க. மூச்சுக்கும் தலைக்கும் வித்தியாசம் தெரியலன்னா நான் இன்னா தேசம்மா. தோ இப்ப ஆடுச்சு. எழுந்தேன், புடிச்சேன், திருப்புனேன். ஏசி கொல்லுது. வெரலு மரத்துப் போச்சு, கரிப்பொட்டி கிட்ட நின்னு பழகின ஒடம்பு, குளுரு தாங்காது, டீச்சரு வேணும்னா என்னிய அங்க பியானோக்குள்ள வுட்டு மூடட்டும். சாரு கண்ண எடுக்கல. என்னியத்தான் பாக்குறாரு, இல்ல அவங்க அம்மாவப் பாக்குறாரு, இல்ல புக்க. இந்தாளு சின்ன வயசுல இதே பியானோல அழுதுகினே கத்துகினவராம், எறும்பு படிக்கத் தெரிஞ்ச ஆளு. இருக்கட்டுமே. படிச்சிக்கோ. நாங்க எங்க வேலய ஒழுங்காத்தான் பண்ணிகினு கீறோம்.

இப்ப மெதுவா போவுது. வயலின் ரெண்டும் சும்மா கீது, வில்ல மடியில வச்சிகினு காத்துகினு கீறாங்க, டீச்சரு மட்டும் தனியா. வூட்டுல இந்த எடத்த எத்தினி வாட்டி கேட்டுகீறேன், பாட்டு தூக்கும்போது இஸ்திரிப் பொட்டியத் தூக்கி, எறங்கும்போது எறக்கி வச்சி, எங்க வூட்டுக்காரு ஏகாம்பரம் கூட கேட்டாரு, இன்னாடி குட்டியப் பறிகுடுத்தவ மாரி தேய்க்கிறன்னு. எனக்குப் புடிச்ச எடம். யாரோ இருட்டுல சாவியத் தேடுற மாரி, இங்க இல்ல, இங்க இல்ல, தோ, ஆடுச்சு. எழுந்தேன். மூலையப் புடிச்சேன். திருப்புனேன். குந்தும்போது பாத்தா ஷெரினும் தாடிக்காரரும் ஒண்ணா வில்லத் தூக்கி சர்ருன்னு உள்ள வந்துட்டாங்க. அய்யய்ய. அது எனக்கு ஆட்டுன தலை இல்ல. அவங்களுக்கு ஆட்டுனது. வா உள்ளன்னு கூப்டது. வூட்டுல டீச்சரு தனியாத்தானே வாசிப்பாங்க, யாரக் கூப்புடணும், தலை ஆடுனா அது எனக்குத்தான். இங்க மூணு பேரு கீறாங்களே. மூணு பேருக்கு ஒரு தலை. தேசம்மா, நாசமாப் போன தேசம்மா, ஒட்டுப் போட்ட பக்கம் வந்துருக்கணும்னா இந்த சர்ரு சத்தம்லாம் முடிஞ்சப்புறம்தான் வரணும், இப்பவே முழிச்சிகினு நிக்கிது, கிழிசல்ல ஒட்டுன பழுப்பு டேப்பு, எனக்கு அது நல்லாத் தெரியும். பறிச்சிட்டேன். வாசிக்க வேண்டிய பக்கத்த கண்ணு முன்னாடிலேந்து பறிச்சிட்டேன். போச்சு. நிக்கப் போறாங்க. இப்ப. இப்ப. பியானோ லாரியில.

நிக்கல. டீச்சரு நிக்கல. கை ஓடிகினே கீது. நான் மொகத்தப் பாக்குறேன், ஒரு மொறப்பு, ஒரு பல்லக் கடி, ஒண்ணு வரணுமே. காலர் சுருக்கத்துக்கே அந்த மொற மொறைக்கிறவங்க. கண்ணு புக்கு மேல இடதுலேந்து வலது போவுது, மறுபடியும் இடதுக்கு வருது, அழகா, படிக்கிறவங்க மாரியே. படிக்கிறவங்க மாரியே. இல்லாத பக்கத்த எப்டிப் படிப்பாங்க. சரி, இந்த எடம் மனப்பாடமா இருக்கும், ஒரு எடம் மனப்பாடமா இருக்கக் கூடாதா. இருக்கலாம். ஆனா பக்கம் போனது தெரிஞ்சிகினு இருக்கிற மொகம் இல்ல இது. தெரியாத மொகம். காலர் சுருக்கம். கண்ணால பாத்து இல்ல, வெரலால தடவித்தானே சொல்லுவாங்க. படியில எறங்கும்போது பாடிகினே எறங்குவாங்க, நான் கிண்டல் பண்ணுவேன், டீச்சரு ஹார்ன் அடிச்சிகினு வராங்க, ஒதுங்கு ஒதுங்குன்னு. நான் பேசாம நின்னா தேசம்மாவான்னு கேப்பாங்க. ஏன், கண்ணு ரெண்டையும் வாடகைக்கு வுட்டீங்களான்னு கேட்டேன், ஆமா, நல்ல பார்ட்டி, அட்வான்ஸ் குடுத்துட்டான்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பாட்டு கேக்குற டேப்பு பொட்டில ஒரே எடத்தப் போட்டு, நிறுத்தி, வாசிச்சி, போட்டு, நிறுத்தி, மாசக் கணக்கா. புதுசா பாட்டுப் பொட்டி வாங்கினா எல்லாம் இப்டித்தான்னு நெனச்சேன். அடிப்பாவி, நீதான் குருடி. அவளுங்க புக்கப் பாப்பாளுங்க, நீ என்னியப் பாப்பே. புக்கு பாக்கத் தெரிஞ்சவ ஒருத்தி இந்த நாற்காலில குந்திருந்தா மொத நாளே கண்டுபுடிச்சிருப்பா. ஒண்ணும் தெரியாதவளாப் பாத்து இட்டாந்துகீறாங்க. கடையில போயி, இருக்கறதுலயே மட்டமானது எதுன்னு கேட்டு வாங்குன மாரி. கோவம் வருது. கோவம் வரும்போதே சிரிப்பும் வருது, வாயக் கடிச்சிகினேன். அறிவா பொறுக்கிகீறாங்க டீச்சரு. ஊரயே தேடினாலும் என்னிய மாரி ஒரு தற்குறி கெடைக்க மாட்டா.

சிரிப்ப முழுங்கு. இப்ப இன்னா பண்றது. அடுத்து நெசமாவே எனக்குத் தலைய ஆட்டுவாங்க, பக்கம் முடிஞ்சிதுன்னு நெனச்சிகினு. அப்ப நான் திருப்பினா பாட்டு ஒரு பக்கம், புக்கு ஒரு பக்கம். சாரு பாத்துகினு கீறாரு. திருப்பாம குந்தியிருந்தாலும் பாப்பாரு, தலை ஆடியும் அசையாம கீறாளேன்னு. அதவிட மோசம் ஒண்ணு கீது. இந்த புக்கு இப்ப தவறி கீழ வுழுந்தா டீச்சரு நிக்கவே மாட்டாங்க. வாசிச்சிகினே இருப்பாங்க, கண்ண இடதுலேந்து வலதுக்கு ஓட்டிகினே, புக்கு இல்லாத வெறும் பலகையப் பாத்து. அங்க மாட்டிகினாங்க. நிக்கிறதுல இல்ல மாட்டுறது, நிக்காததுலதான். அப்போ இந்த புக்க பாட்டோட சேத்து இஸ்துகினு போறது டீச்சரு இல்ல, நான். மூணாங்கிளாசு பெயிலு. கை வேர்க்குது, அந்த ஏசியில. ஆடுமா, ஆடாதா. யாருக்கு ஆடும். ஷெரினு வில்லு கம்பி மேல கீது, தாடிக்காரரு வில்லும் கம்பி மேல கீது, ரெண்டும் வேலையில கீது, கூப்புடறதுக்கு யாரும் இல்ல, அப்ப ஆடுனா எனக்குத்தான். ஆடுச்சு. எழுந்தேன். மூலையப் புடிச்சேன். பாதி தூக்குனேன், டீச்சரு மேல சாயற மாரி ஒரு சாய்வு, முந்தானையால மறைச்சேன், அப்டியே பழய எடத்துலயே படுக்க வச்சேன், தடவி வுட்டேன், குந்துனேன். இப்ப சரி. ஒட்டுப் போட்ட பக்கம், ஒட்டுப் போட்ட பாட்டு. பொடவையில கறை இருந்தா கஸ்டமருக்கு தெரியாம உள்பக்கமா மடிச்சிக் குடுக்கறது இல்லியா, அந்த மடிப்புதான். சாருப் பக்கம் திரும்பல. திரும்புனா போச்சு.

ஆனா தேசம்மா, நீ பண்றது நல்லதா. இந்தக் கேள்வி இப்பத்தான் வரணுமா, பாட்டு ஓடற ஓட்டத்துல. டீச்சருக்குக் கண்ணு இல்ல. சாரு சொன்னதுதான் நெசம். அவரு அம்மா மேல பாசத்துல சொல்றாரு, நான் இங்க குந்திகினு அவருக்கே அல்வா குடுத்துகினு கீறேன். நாளைக்கு அவரு பிளேன் ஏறிப் போய்டுவாரு. மேல கேஸ் அடுப்பு கீது. பால் வச்சிட்டு பியானோக்கு போய் குந்திருவாங்க. அந்தப் படிக்கட்டு, ஒரு ஆளு ஏறினா இன்னொரு ஆளு காத்திருக்கணும், அவ்ளோ குறுகல். ஒண்ணு ஆச்சின்னா யாரு தலையில வந்து விடியும். தலை, தலைன்னு, தோ ஆடுச்சு, எழுந்தேன், திருப்புனேன், குந்துனேன், இது நெசத் திருப்பு. மெல்போர்ன்ல இன்னா பண்ணுவாங்க. நல்ல வூடு, நல்ல ஆஸ்பத்திரி, ஜன்னலாண்ட ஒரு நாற்காலி. ஜன்னலாண்ட குந்தி இன்னாத்தப் பாப்பாங்க. இங்கயும் ஒண்ணும் பாக்கல, ஆனா இங்க ஒவ்வொண்ணும் எங்க கீதுன்னு தெரியும். பாத்திரம் கவுக்குற மாரி, டங்கு, எடம் பாத்து. பாக்காமயே எடம் பாத்து. இவங்க கையப் பாரேன். ஒரு வெரலு இந்த முனைக்கும் ஒரு வெரலு அந்த முனைக்கும் தாவுது, நடுவுல தடவல் இல்ல, தேடல் இல்ல, போய் குந்துது. கண்ணு கீற நான் ஒரு தலை ஆட்டத்தப் பாத்து ஏமாந்தேன். மாசக் கணக்கா கேட்டுக் கேட்டு, இந்தக் கரடு முரடான பாட்ட, ஒரு ராகம் கெடையாது, புடிச்சிகினு போறதுக்கு ஒரு கயிறு கெடையாது, எறும்பு எறும்பா தூக்கி உள்ள வச்சிகீறாங்க. வச்சது மட்டும் இல்ல, எந்த எறும்புல பக்கம் முடியுதுன்னு அதயும் வச்சிகீறாங்க, எனக்குத் தலை ஆட்டறதுக்காக. இத்தினியும் எதுக்கு. அந்த மாடிக்கு. அந்தக் குறுகல் படிக்கு. போவணும்னா அவங்களே போவட்டும், புள்ள புடிச்சி தூக்கினு போவ வேணாம். சரி, முடிவு பண்ணிட்டேன். அடுப்புக்கு அப்பறம் யோசிக்கலாம். மொதல்ல இந்த புக்கு.

இன்னும் ரெண்டு மூணு தாளுதான் இருக்கும். மூணு பஸ்ஸும் இப்ப ஒரே ரோட்டுல வேகமா வருது, இடிக்கப் போவுது, இடிக்கல, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிகினு போவுது, கோவமா கழுவுறதும் அழுதுகினு கழுவுறதும் கவுத்து வக்கிறதும் எல்லாம் சேந்து, டீச்சரு தலை ஆடிகினே கீது, ஷெரினுக்கு, தாடிக்கு, எனக்கு, ஷெரினுக்கு, இது யாருக்கு, எனக்கு இல்ல, இது, இல்ல, இது எனக்கு. திருப்பு. கடைசிப் பக்கம், கீழ பாதி காலி, எறும்பு முடிஞ்சி போச்சு, வெள்ளயா கீது. இனிமே தலை ஆடுனா எனக்கு இல்ல. நான் கையக் கட்டிகினு கேட்டேன். மொத வாட்டியா வேல இல்லாம கேட்டேன். ஒரு சத்தம் மேல போவுது, மேல, இன்னும் மேல, அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா வில்ல எடுத்துட்டாங்க, டீச்சரு கைய மட்டும் எடுக்கல, ஒரு கட்டைய அழுத்திகினே கீறாங்க, சத்தம் கொறஞ்சி, கொறஞ்சி, இப்ப கீதா இல்லியான்னே தெரியல. எடுத்தாங்க.

நிக்காம முடிச்சிட்டாங்க. ஹாலு தட்டுது. கதர் சட்டைக்காரரு எழுந்து நின்னு தட்டுறாரு. ஷெரினும் தாடிக்காரரும் மேடை முனைக்கு நடந்துட்டாங்க, டீச்சரு எழுந்தாங்க, முனைக்குப் போவணும், கும்புடணும். முனையில கம்பி கெடையாது, கட்டை கெடையாது, இடுப்பு ஒசரம் பள்ளம். பக்கம் திருப்புறவ எழுந்திரிக்கவே கூடாது, கும்புடவே கூடாது, இல்லாத மாரி குந்தியிருக்கணும்னு ஹால்காரரு உள்ள வரும்போதே சொன்னாரு. அவரு கெடக்காரு. எழுந்தேன், டீச்சரு முழங்கையில கையக் கோத்துகினேன், தர்பார்ல நடக்குற மாரி நடந்தேன். கையை விடுடின்னு டீச்சரு உதடு அசையாம சொன்னாங்க, காலையிலயே வந்து நடந்து வச்சிருக்கேன், எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாதே, நான் வுழுந்துட்டா யாரு தூக்குறதுன்னேன். முனைக்கு ஒரு சாண் முன்னாடி நிறுத்தினேன். அவங்க குனிஞ்சாங்க. நானும் ரெண்டு கையும் தூக்கி, எலெக்சன்ல நிக்கிறவ மாரி ஒரு பெரிய கும்புடு போட்டேன். ஹாலே சிரிச்சிது. பாரேன், திருப்ப வந்தவளுக்கு இன்னா தெனாவட்டுன்னு எல்லாம் என்னியே பாக்குறாங்க. பாருங்க. என்னியே பாருங்க.

சாரு சிரிக்கல. கூட்டம் கலையும்போது மேடைக்கு ஏறி வந்தாரு, அம்மாகிட்டப் போவல, அவங்க தாடிக்காரருகிட்ட பேசிகினு இருந்தாங்க. நேரா பியானோகிட்ட, என்கிட்ட வந்தாரு. புக்க எடுத்தாரு, ஒட்டுப் போட்ட பக்கத்தப் புடிச்சாரு. மெதுவாக் கேட்டாரு. "இதை நீங்க முன்னாடியே திருப்பிட்டீங்க. அப்புறம் திருப்பற மாதிரி ஒரு நடிப்பு."

வாயில ஒரு பொய் ரெடியா வந்து நின்னுது, எனக்கு அதுக்குப் பஞ்சமா. ஆனா அவரு மொகத்தப் பாத்தேன். அழறதுக்கு முந்தின மொகம், கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிற சாக்குல. "திருப்பினேன் சார். தப்பு என்னுதுதான். அம்மா நின்னாங்களா?"

"நிக்கலை." ஒட்டு மேல வெரல ஓட்டினாரு. "அதான் பயமா இருக்கு. நிக்கவே இல்லை."

"நிக்காம வாசிக்கணும்றதுதானே சார் பேச்சு."

அவரு புக்க மூடினாரு. "அடுப்பு?" ன்னாரு. ஒரே வார்த்த. அந்த ஒரு வார்த்தையில இவரு சண்ட போட்ட ஒரு வாரமும் இருந்துது, நான் குந்திகினு பயந்த பயமும் இருந்துது.

"நான் ரெண்டு வேளையும் மேல போயி ஆக்கி வச்சிட்டு, சிலிண்டர மூடிட்டு எறங்குறேன். என் கொழம்பத் தின்னுட்டு நாலு தெருவுக்கு கேக்குற மாரி திட்டுவாங்க. பரவால்ல. நீங்க ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் எனக்கு ஒரு போன் போடுங்க, அவங்களுக்கு வேணாம், எனக்கு. நெசத்தச் சொல்றேன். மோசமாச்சின்னா வாங்கன்னும் நானே சொல்றேன்."

புக்க அக்குள்ள வச்சிகினு அம்மாகிட்டப் போனாரு. டீச்சரு காலடிச் சத்தத்துக்குத் திரும்பி, சரியா அவரு மொகத்துக்கு நேரா நிமுந்து கேட்டாங்க, "என்னடா, டிக்கெட் ஒண்ணா, ரெண்டா?" அவரு கண்ணாடிய மாட்டிகினாரு. ஒண்ணுதாம்மான்னாரு. வா, வூட்டுக்குப் போலாம், பசிக்குதுன்னாரு. நான் டீச்சரு கையப் புடிக்க ஒரு அடி எடுத்து வச்சவ, அப்டியே நின்னுட்டேன். அவரு புடிக்கல. பக்கத்துல நடந்தாரு, பேசிகினே நடந்தாரு, ஏசிய, மைக்க, நாற்காலிய, இன்னா வாய்க்கு வந்துதோ அத்தப் பேசிகினு, சத்தம் நிக்காம, டீச்சரு அந்தச் சத்தத்து கூடவே போனாங்க. மேடை எறங்குற எடம் வந்துது. சாரு நின்னு, ஹாலுக்கே கேக்குற மாரி திட்டினாரு, "இங்கே மூணு படி வச்சிருக்கான் பாரும்மா, எவ்வளவு செங்குத்தா, கைப்பிடிகூட இடது பக்கம்தான் வச்சிருக்கான்."

"கட்டினவன் மடையன்" ன்னு சொல்லிட்டு, டீச்சரு இடது கைய நீட்டி, காலத் தூக்கி வச்சாங்க.